இடம் மாற்றி மாட்டிய கேமரா

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் ஆடுகளும் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்கிறோம். அங்கே நீயும், மாவுக்கட்டுப் போட்ட உன் காலும், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற உன் தொந்தியும் எப்படி? ஊர்க் கடைக்கெல்லாம் ஏணி வைத்துக் கேமரா மாட்டுகிறவன், கடைசியில் நீ விழுந்ததே ஒரு கேமராவில் பதிவாகியிருக்கிறதாமே. வாய்ப்பூட்டுதான் சொன்னார். அதுதான், நமக்குத் தீவனம் கொண்டுவருகிற லாரிக்காரர். வாரம் ஒரு தடவை வந்தால் ஒரே ஒரு வார்த்தை பேசுவார். இந்த வாரத்து வார்த்தையை உனக்காகச் செலவு செய்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், பண்ணையில் திருட்டு. முதலில் பம்பு ரூமில் சுருட்டி வைத்திருந்த செம்புக் கம்பி போனது. போன வாரம் இரண்டு மோட்டாரில் சின்னது போய்விட்டது. உன் அக்கா ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள். இலை அசைந்தாலும் "யாருங்க அது?" என்கிறாள். "நான்தான்டி, உன் புருஷன்" என்றால், "அதான் பயமா இருக்கு" என்கிறாள்.

திருடன் ரொம்ப மரியாதைக்காரன். ஆட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பெரிய மோட்டாரைத் தொடவில்லை. சின்னதைக் கழற்றும்முன் வால்வை மூடியிருக்கிறான், தொட்டித் தண்ணீர் வீணாகக் கூடாதாம். போகும்போது ஆடு வெளியே போகாமல் படலைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பண்ணைக்கு என்னைவிட அவன்தான் பொருத்தம்.

ஒரு கேமரா வைத்தால் தேவலை. உன்னால் வர முடியாது. ஆளை அனுப்பினால் இந்த மேட்டைப் பார்த்ததுமே திரும்பி ஓடிவிடுவான். நானே மாட்டிக்கொள்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வாசல் வரைக்கும்தான் என்று உனக்குத் தெரியும். போனில் கேட்கலாம் என்றால் இங்கே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அதனால் படம் போட்டு எழுது.

கால் பத்திரம். தொந்தி அதுவாகவே பத்திரமாக இருக்கும்.

மாமா

*

பிப்ரவரி 20

மாமாவுக்கு வணக்கம்.

கால் வலி பரவாயில்லை. மேசைக்குப் பின்னாலிருந்தே கடையை நடத்துகிறேன். நான் விழுந்த படத்தை என் ஆட்கள் தினமும் ஒருமுறை போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள் இடத்தில் நெட் இல்லை. போனில் பார்க்கிற வகை ஆகாது. இரண்டு கேமரா, அவை பிடிப்பதைப் பதிவு செய்ய ஒரு பெட்டி, அதற்குள் ஒரு மெமரி கார்டு, பார்க்க ஒரு சின்ன டிவி. கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் சோலார் தகடும் பேட்டரியும் வேண்டும். நீங்கள் எழுத வேண்டியது: பம்பு ரூம், படல், வீட்டு வாசல், இவற்றுக்கு இடையில் எவ்வளவு தூரம்? வெயில் எந்தக் கூரையில் அதிக நேரம் விழுகிறது? திருடன் வந்தபோது நாய் என்ன செய்துகொண்டிருந்தது?

நெட்டையனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? பெற்றது நீங்கள் என்றாலும் தோளில் தூக்கித் திரிந்த தாய்மாமன் நான். மாத்திரைப் பழக்கத்தை விடச் சேர்த்த அந்த இல்லத்திலிருந்து ஓடிப்போன பிறகு என் காதுக்கும் ஒன்றும் வரவில்லை. என் கடையில் ஒயர் சுருளை எடுத்து விற்றதை மாமன் மறந்துவிட்டான் என்று அவனைப் பார்த்தால் சொல்லுங்கள். மறக்கவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மாப்பிள்ளை

*

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். உன் அக்காவின் முட்டி மட்டும் மழை வருமா என்று ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

தூரம் கேட்டாய். அடிக்கணக்கு, மீட்டர் கணக்கெல்லாம் எழுதி நான் ஒன்று தப்பாகச் சொல்ல, நீ ஒயரைக் குறைவாக வெட்ட, வம்பு எதற்கு? வீட்டு வாசலில் ஆணி அடித்து நூலைக் கட்டி, பம்பு ரூம் வரை இழுத்து அங்கே ஒரு முடிச்சு, அங்கிருந்து படல் வரை இழுத்து அங்கே ஒரு முடிச்சு. அந்த நூல்கண்டையே வாய்ப்பூட்டிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தூரமே உன் கடைக்கு வருகிறது, நீயே அளந்துகொள். வெயில் ஆட்டுக் கொட்டகைக் கூரையில் நன்றாக விழும்.

எனக்குச் சில சந்தேகம். முகம் தெளிவாகத் தெரியுமா? கன்னம் ஒட்டியிருக்கிறதா, தாடி இருக்கிறதா, அந்த அளவுக்கு? சத்தம் கேட்குமா? ஒருவன் இருமினால் கேட்குமா? கேமரா இருப்பது அவன் கண்ணில் படாமல் வைக்க வழி உண்டா? உன் அக்கா வேறு மாதிரி கேட்கிறாள். "அவன் அலறி அடிச்சுக்கிட்டு ஓடுற மாதிரி எதாவது இருந்தா அனுப்பச் சொல்லுங்க" என்கிறாள்.

நாய் குரைக்கவில்லை. அதற்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான்.

மாமா

*

மார்ச் 22

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் நூல்கண்டை என் ஆட்கள் தெருவில் விரித்து அளந்தார்கள். பட்டம் விடப் போகிறோம் என்று நினைத்து அரைத் தெரு வேடிக்கை பார்த்தது. சிரிக்காதீர்கள், கணக்கு சரியாகவே வந்தது.

பொட்டலத்தில் இரண்டு கேமரா இருக்கிறது. சிவப்பு நாடா கட்டியதைப் பம்பு ரூமில் மாட்டுங்கள். அக்கா கேட்டதற்காக அதில் விளக்கும் சைரனும் சேர்த்திருக்கிறேன். ஆள் பக்கத்தில் வந்தால் பளீரென்று எரிந்து ஊளையிடும். அதற்கு மட்டும் வீட்டுக்குள் ஒரு சுவிட்சு. படுக்கும்போது போட வேண்டும், எழுந்ததும் அணைக்க வேண்டும். நீல நாடா கட்டியது வீட்டு வாசலுக்கு. அது பேசாமல் பார்க்கும். இரண்டிலும் சத்தமும் பதிவாகும். எந்த ஒயர் எங்கே என்று நிறம் போட்டுப் படம் வரைந்திருக்கிறேன்.

ஒளித்து வைக்காதீர்கள். கேமரா செய்கிற வேலை பாதி, கேமரா இருக்கிறது என்கிற பயம் மீதிப் பாதி. திருடன் கன்னம் ஒட்டியிருந்தால் நமக்கென்ன மாமா, அவனுக்குப் பெண் பார்க்கவா போகிறோம்?

நெட்டையனைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுத மறந்துவிட்டீர்கள்.

உங்கள் அன்பு மாப்பிள்ளை

*

ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சுகம், கிழட்டுக் கிடாயைத் தவிர. சோலார் தகட்டைக் கூரையில் ஏற்றும்முன் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, எவனோ புதுக் கிடாய் வந்துவிட்டான் என்று முட்டப் போனது. தகடு தப்பியது. கிடாய்க்கு மூக்கில் காயம்.

மாட்டிவிட்டேன். முதல் நாள் டிவியைப் போட்டால் ஆடெல்லாம் வானத்தில் மேய்கிறது. கேமராவைத் தலைகீழாக முடுக்கியிருக்கிறேன். உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே இன்னொரு நாள் திருப்பாமல் விட்டுவைத்தேன்.

உன் படத்தில் உள்ளபடியேதான் மாட்டினேன். நாடா நிறத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதைப் பெரிதுபடுத்தாதே. சைரன் சுவிட்சு உன் அக்கா பொறுப்பு. படுக்கும்முன் அதைப் போட்டுவிட்டு, "இனிமே எவன் வர்றான்னு பாக்குறேன்" என்று சொன்னால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது.

சீக்கிரம் நட. நடக்காவிட்டால் தொந்திதான் உனக்கு முன்னால் நடக்கும்.

மாமா

*

ஏப்ரல் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திருடன் வந்துவிட்டான்! மருந்தடிக்கிற ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு போனான். கேமரா பிடித்துவிட்டது, உன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும்.

முதுகுதான் விழுந்திருக்கிறது. சட்டை, ஆணியில் மாட்டியது போல் தொங்குகிறது. இருட்டில் பம்பு ரூம் நிலையில் தலை இடிக்காமல் அழகாகக் குனிந்து நுழைகிறான். எனக்கே அதில் வாரம் ஒரு முறை மண்டை வீங்கும். வெளியே வந்து தொட்டிக் குழாயில் தண்ணீர் குடிக்கிறான். ரொம்ப நேரம் குடிக்கிறான். நாய் அவன் காலடியில் படுத்திருக்கிறது.

உன் அக்காவிடம் காட்டவில்லை, பயப்படுவாள். "ஒண்ணுமில்ல, ஆடுதான்" என்றேன். கேமராவைக் கிழக்கே கொஞ்சம் திருப்பினால் முகம் விழுமா? சீக்கிரம் எழுது. எனக்கு இப்போதெல்லாம் மறதி வேறு. பம்பு ரூமில் ரொட்டி, போர்வை என்று எதையாவது மறந்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மாமா

*

மே 12

மாமாவுக்கு வணக்கம்.

நானும் வீட்டில் அனைவரும் நலம். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இரண்டு கேள்விதான்.

அந்த நிலையில் நானே இரண்டு தடவை தலை இடித்திருக்கிறேன். புதிதாக வருகிற எவனுக்கும் அங்கே குனியத் தெரியாது. யாரோ ஒருவன் காலடியில் நாய் படுக்காது. எந்தத் திருடனும் ஆடு வெளியே போகுமே என்று படலைக் கட்டமாட்டான். மாமா, யார் அது?

இரண்டாவது: அவன் பம்பு ரூமுக்குள் போய் வந்திருக்கிறான். சைரன் ஏன் கத்தவில்லை?

மாப்பிள்ளை

*

மே 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ கடையை மூடிவிட்டுப் போலீசில் சேர்ந்துவிடலாம். அங்கே தொந்தி பார்த்து எடுப்பார்கள், உனக்குப் பெரிய பதவியாகக் கிடைக்கும்.

அவன்தான். சின்ன மோட்டார் போன அன்றைக்கே எனக்குத் தெரியும். படலில் கிடந்த முறுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறுக்கு.

சிவப்பு நாடாவை வீட்டு வாசலில் மாட்டினேன், நீலத்தைப் பம்பு ரூமில். வேண்டுமென்றேதான். திருட வருகிறவன் வீட்டு வாசலுக்கு வருவானா? பம்பு ரூமுக்குத்தான் வருவான். அங்கே விளக்கைப் போட்டு ஊளையிட்டால் அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டமாட்டான். திருடவாவது வரட்டும் மாப்பிள்ளை. ஒரு சாமான் காணாமல் போனால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு அர்த்தம். எல்லாம் பத்திரமாக இருக்கிற வாரம்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உன் அக்காவுக்குத் தெரியாது. அந்த இல்லத்திலிருந்து குணமாகி வந்து, எங்கேயோ தூரத்தில் வேலையில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை நான்தானே வாசித்துக் காட்டுகிறேன். சில வரிகளைத் தாண்டிப் போய்விடுவேன். அவள் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, திருடனுக்குப் பயப்பட்டுக்கொண்டு இருக்கிறாள். இரண்டும் ஒரே ஆள் என்று அவளிடம் எந்த வாயால் சொல்ல? போலீசு கீலீசு என்று நீ கிளம்பிவிடாதே.

மாமா

*

ஜூன் 1

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி வாசித்தேன்.

பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் ஒயர் ஒன்று இருக்கும். சைரனுக்குப் போவது. இதை வாசிக்கிற நிமிஷமே அதைப் பிடுங்கிவிடுங்கள். அவன் திருட வருவான் என்று மட்டும்தான் யோசித்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வருவான் என்று ஏன் யோசிக்கவில்லை மாமா?

அக்காவிடம் சொல்லிவிடுங்கள். தாங்குவாள். கட்டுப் பிரித்ததும் நானே வருகிறேன்.

மாப்பிள்ளை

*

ஜூன் 9

மாப்பிள்ளைக்கு,

வாய்ப்பூட்டு உன் கடிதத்தை இன்றுதான் கொடுத்தார். மஞ்சள் ஒயர் என்பது வரைக்கும் வாசித்தேன். அதற்கு மேல் வாசிக்கவில்லை.

நாலு நாளைக்கு முன்னால், விடிகிற நேரம். நாங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சைரன் கத்தியது. உன் அக்கா அரிவாளைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள். "எவன்டா அவன்? உள்ள கால வெச்சே, வெட்டிப் போட்டுருவேன்!" நான் அவளை விலக்கிக் கதவைத் திறப்பதற்குள் வாசலில் யாரும் இல்லை. படல் திறந்தே கிடந்தது.

பெட்டியை ஓட்டிப் பார்த்தோம். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், நான் என்ன சொல்லித் தடுப்பது? பம்பு ரூம் பக்கம் அவன் திரும்பவே இல்லை. தொட்டியில் முகம் கழுவுகிறான். சட்டையைத் தட்டி விட்டுக்கொள்கிறான். ஈரக் கையால் தலையைக் கோதுகிறான். நேராக வாசலுக்கு வந்து கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான். விளக்கு எரிகிறது. முகம் நன்றாகத் தெரிகிறது மாப்பிள்ளை, நான் கேட்டபடியே. கன்னம் ஒட்டித்தான் போயிருக்கிறது. சைரனுக்கு அவன் ஓடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்ட பிறகுதான் திரும்புகிறான்.

அவள் குரலும் அதில் பதிவாகியிருக்கிறது.

மேட்டுப் பாதை முழுக்கத் தேடினேன். பஸ் நிற்கிற இடத்தில் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அக்கா கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த சுவிட்சப் போட்டிருப்பேனா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை.

அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்து வைக்க ஒரு வழி எழுது.

மாமா

*

ஜூன் 15

மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். கடையில் எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரு விஷயத்தை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். திருட்டுக்குத்தானே, எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்தக் கார்டில் ஏறக்குறைய ஒரு மாதப் படம்தான் பிடிக்கும். நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன் மேல் புதியது பதிவாகும். ஒன்றை மட்டும் பூட்டி வைக்கிற வசதி இந்த மலிவான பெட்டியில் இல்லை. உங்கள் பட்டன் போனில் டிவியைப் படம் பிடிக்கவும் வழியில்லை. அவன் முகம் வேண்டுமென்றால் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் பதிவாகாது. அவன் மறுபடி வந்தாலும் தெரியாது.

புதுக் கார்டு ஒன்று வாங்கிவிட்டேன். அடுத்த வாரத்து லாரியில் வரும். நாள் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். அது வந்ததும் பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

அக்காவைச் சாப்பிட வையுங்கள்.

மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் கால் தரையில் நன்றாக ஊன்றுகிறதா? இனிமேல் ஏணி ஏறாதே. இங்கே வருவதையும் அது நன்றாக ஊன்றிய பிறகு வைத்துக்கொள். மழையில் மேட்டுப் பாதை பாதியாக அறுந்து போயிருந்தது. நடந்து வருகிறவன் வரலாம், லாரி வர முடியாது. இத்தனை நாள் கழித்து, பாதையைச் சரிசெய்த பிறகு, வாய்ப்பூட்டு நேற்றுத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஒரு வார்த்தையையும் பேசவில்லை.

புதுக் கார்டு வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்காமல் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கடையில் யாருக்காவது ஆகும்.

லாரி வராது என்று தெரிந்ததும் உன் அக்காவிடம் சொன்னேன். "கார்ட உருவி வெச்சுக்கலாம். அவன் முகமாச்சும் நம்மகிட்ட இருக்கும்" என்றேன்.

"அப்புறம் அவன் வந்தா?"

"தெரியாது."

"இதுக்குள்ள இருக்கிறவன வெச்சுக்கிட்டு, வெளிய அலையிறவன விடச் சொல்றீங்களா?" என்றாள். ரொம்ப நாள் கழித்து என்னிடம் பேசியது அதுதான். "அது அங்கயே கெடக்கட்டும். அவன் வந்தா புது முகமாப் பாத்துக்கிறேன்."

அப்படியே விட்டோம். டிவியில் தேதிகள் வரிசையாக இருக்கும், மேலேயிருந்து ஒன்றொன்றாகப் போய்க்கொண்டே வந்தது. கடைசி நாள் அவள் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் தலையைக் கோதுகிற இடத்தில் நிறுத்திவைத்து, திரையில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். மறுநாள் காலையில் வரிசை அதற்கடுத்த தேதியிலிருந்து தொடங்கியது. "போயிட்டானா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

கதவை இப்போது சாத்துவதில்லை. பம்பு ரூமில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஸ்பேனர் கூடக் காணாமல் போகவில்லை.

உன் கேமரா நல்ல கேமரா மாப்பிள்ளை. ஒரு நாளும் பழுதாகவில்லை. தினமும் காலையில் இருவரும் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறோம். ஆடு வருகிறது. காற்றுக்குச் செடி ஆடுகிறது. வாளியோடு நான் வருகிறேன். ஓட்டி முடித்ததும், பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள், "யாராச்சும் வந்தாங்களா?"

சிரிக்க வைக்கலாம் என்று முதலில் சில நாள், "நான் வந்தேனே, பாக்கலையா?" என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது சொல்வதில்லை. "இல்ல" என்கிறேன். "சரி" என்று எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள்.

மாமா